புயல் வருமுன் எங்கள் விடுதியில்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"ஐப்பசி, கார்த்திகை அடைமழை" என்பார்கள் பெரியோர். கடலூரில் பிறந்த நமக்கோ அது அடைமழைக் காலம் மட்டும் அன்று, புயற்காலமும் ஆகும். வானொலியில், "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்ற சொற்கள் கேட்டவுடன், மற்ற ஊர்களில் குடையைத் தேடுவார்கள். நம் ஊரில் கயிற்றைத் தேடுவார்கள்.

என் தந்தையார் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆற்றுப் பக்கம் செல்லும் தெரு ஒன்றில் சிறு விடுதி நடத்துகிறார். கீழே 4 அறைகள், மேலே 4 அறைகள், பின்புறம் சமையற்கட்டு, மொட்டை மாடியில் சிமெண்டு ஷீட் வேய்ந்த ஒரு கொட்டகை. அவ்வளவுதான். வேளாங்கண்ணிக்குச் செல்வோர், சிதம்பரம் நடராசர் கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் செல்வோர், பிள்ளைகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வருவோர் ஓர் இரவு தங்கிப் போவார்கள். புயல் வரும்போது ஒரு வீட்டைக் காப்பதே பெரும் பாடு. நம்மை நம்பி வந்து தங்கிய வெளியூர் மக்களையும் சேர்த்துக் காப்பது எப்படி? நான் சிறு வயது முதல் கண்டதையும், பெரியோர் சொல்லக் கேட்டதையும் என் அன்புத் தோழியருக்கு எழுதுகிறேன். வீட்டுக்கும் இது பயன்படும்.

புயல் என்பது யாது?

வெதுவெதுப்பான கடலின் மேல் உள்ள காற்று ஈரத்தைச் சுமந்து கொண்டு மேலெழுகிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலும் உள்ள காற்று அங்கே பாய்ந்து வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து வருகிறது. நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். மேலே சென்ற நீராவி மழையாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பமே இந்த இயந்திரத்துக்கு எரிபொருள். ஆகவேதான் கரை ஏறியதும், கடலின் ஈரம் கிடைக்காமல், புயல் தளர்ந்து விடுகிறது.

காற்றின் வேகத்தைக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்குப் பெயர் சொல்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேல் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். 88 ஆனால் தீவிரப் புயல். 118 ஆனால் மிகத் தீவிரப் புயல். புயல் என்ற நிலையை அடைந்த பின்னரே அதற்குப் பெயர் சூட்டப்படும். வட இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் தந்த பெயர்கள் வரிசையாக வரும். 'தானே' மியான்மர் தந்த பெயர். 'கஜா' இலங்கை தந்தது. 'ஃபெஞ்சல்' சவூதி அரேபியா தந்தது.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது சுவரையும் கூரையையும் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கொட்டகை 120 கிலோமீட்டர் காற்றையும் பாதிக்குப் பாதியாவது தாங்கும் என்று எண்ணுவது தவறு.

பெயரில்லாத மண்டலத்தையும் எளிதாக எண்ணலாகாது. 2015 நவம்பரில் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலந்தான். அதற்குப் பெயரே சூட்டப்படவில்லை. ஆயினும் அந்த மழை கடலூர் மாவட்டத்தைப் பெரிதும் வாட்டியது.

தானே கற்பித்த பாடம்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. அப்போது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. நான் அப்போது கைக்குழந்தை. என் ஆயா அந்த விடியற்காலையைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார். "ரயில் வண்டி தலைமேல ஓடுற மாதிரி சத்தம் கண்ணு. விடிஞ்சு பார்த்தா தெருவே தெரியல, மரந்தான் தெரிஞ்சுது" என்பார். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்தன.

எங்கள் விடுதியில் மொட்டை மாடிக் கொட்டகையின் ஷீட்டுகள் பறந்தன. பெயர்ப் பலகை அடுத்த தெருவில் கிடைத்தது. ஆனால் அப்பாவை வியக்க வைத்தது வேறொன்று. கடல் கிழக்கே இருப்பதால் அவர் கிழக்குப் பக்கத்து ஜன்னல்களை மட்டுமே பலகை வைத்து அடைத்திருந்தார். உடைந்தவையோ மேற்குப் பக்கத்து ஜன்னல்கள்!

இதன் காரணத்தை எங்கள் புவியியல் ஆசிரியை கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. புயலின் மையம் நமக்கு வடக்கே கரை ஏறினால், நமக்குக் காற்று வடமேற்கிலிருந்து தொடங்கி, மேற்காக மாறி, தென்மேற்கில் முடியும். மையம் நமக்குத் தெற்கே, சிதம்பரம், சீர்காழிப் பக்கம் ஏறினால், வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காகித் தென்கிழக்கில் முடியும். அப்போதுதான் கடல் நீரும் நம் கரை மேல் தள்ளப்படும். ஆகவே நாற்புறமும் அடைக்க வேண்டும் என்பதே முதற் பாடம்.

மூன்று நாள் வேலை

புயல் பற்றிய அறிவிப்புகள் நான்கு படிகளில் வரும். மோசமான வானிலை தொடங்குவதற்குச் சுமார் 72 மணி நேரம் முன்பு ஒன்று, 48 மணி நேரம் முன்பு ஒன்று, 24 மணி நேரம் முன்பு ஒன்று. பின்னர், கரை ஏறுவதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு, உள்நாட்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒன்று. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் தொங்கும். 1, 2 என்றால் புயல் தொலைவில் உள்ளது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கு எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்தது என்று பொருள். எங்கள் வேலையை இந்தப் படிகளுக்கு ஏற்பவே பிரித்துக் கொள்கிறோம்.

முதல் நாள், உயரத்தில் உள்ளவற்றைப் பார்க்கும் நாள். தென்னையில் காய்களையும் காய்ந்த மட்டைகளையும் ஆள் வைத்து இறக்கி விடுவோம். பலத்த காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டாகி விடும். கூரை மேல் சாயும் முருங்கைக் கிளைகளை வெட்டுவோம். பெயர்ப் பலகையைக் கழற்றிக் கீழே படுக்க வைப்போம். ஷீட்டுகளின் கொக்கி ஆணிகளைத் திருகி இறுக்குவோம்.

அன்றே மொட்டை மாடியின் தண்ணீர் வடியும் துளைகளையும் சுத்தம் செய்ய வேண்டும். இது சிறு வேலையாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 46 சென்டிமீட்டர் மழை பெய்தால் 46,000 லிட்டர் தண்ணீர். அதன் எடை 46 டன். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய நான்கு! காய்ந்த இலை ஒரு பிடி துளையை அடைத்தால், அவ்வளவையும் கட்டடம் தலையில் சுமக்க வேண்டும்.

இரண்டாம் நாள், உள்ளே வேண்டியவற்றைச் சேர்க்கும் நாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவோம். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பது ஒரு காரணம். காலித் தொட்டி காற்றில் பறக்கும், நிரம்பிய தொட்டி அசையாது என்பது மற்றொரு காரணம். குடிநீரைத் தனியே குடங்களில் பிடித்து மூடி வைப்போம். அரிசி, ரவை, பருப்பு, பால் பவுடர், ரொட்டி, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய், ஜென்செட்டுக்கு டீசல், கைவிளக்குக்குச் செல்கள், காய்ச்சல் வயிற்றுப்போக்கு மருந்துகள் ஆகியவற்றை அம்மா சரிபார்ப்பார்கள். கொஞ்சம் ரொக்கப் பணமும் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் வங்கி இயந்திரம் பணம் தராது.

மூன்றாம் நாள் அடைக்கும் நாள். ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடிப்போம். கண்ணாடி மேல் காகிதப் பட்டை ஒட்டினால் போதும் என்பர் சிலர். அதனால் கண்ணாடி வலுப்பெறாது. காற்றை உள்ளே விட ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் தவறு. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கூரை பறக்கிறது. பின்னர்ச் சுவர்க் கண்ணாடிகள், படங்கள், பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் இறக்கி வைப்போம். கேஸ் சிலிண்டர்களை மூடிச் சுவரோடு சங்கிலியால் கட்டுவோம். வருகைப் பதிவேடு, வரி ரசீதுகள், பத்திரங்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேல் மாடி அலமாரியில் வைப்போம்.

விருந்தினருக்கு என்ன சொல்வது?

பலகை அடிப்பதைவிட இதுவே கடினம். புயல் என்று சொன்னால் அறையைக் காலி செய்து போய் விடுவார்கள், வருமானம் போகும். சொல்லாமல் விட்டால்? அப்பாவின் கொள்கை இது: "முன்பணம் போனாப் போகட்டும். ஆள் போனா யார் திருப்பித் தருவாங்க?" 72 மணி நேர அறிவிப்பு வந்ததுமே ஒவ்வோர் அறையாகச் சென்று சொல்லி விடுவார். ஊருக்குத் திரும்ப முடிந்தவர்களைப் பேருந்தும் ரயிலும் ஓடும்போதே அனுப்பி விடுவார். வரப் போகிறவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தேதியை மாற்றிக் கொள்ளச் சொல்வார்.

போக முடியாதவர்களில் முதியோரைச் சிதம்பரத்தில் உள்ள என் மாமா வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. கடலூர் கடலை ஒட்டிய ஊர். சிதம்பரம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடுகள் அலையின் வேகத்தை வாங்கிக் கொள்கின்றன. ஆனால் சிதம்பரமும் தாழ்ந்த பூமிதான். கொள்ளிடமும் வெள்ளாறும் பெருகினால் அங்கும் நீர் நிற்கும். ஆதலால் மாமாவிடம் நிலைமையைக் கேட்ட பிறகே அனுப்புவோம்.

இளைஞர்களிடந்தான் தொல்லை. ஒரு முறை நான்கு கல்லூரி மாணவர்கள், "சில்வர் பீச்சில் அலையைப் படம் எடுத்துவிட்டு வந்து விடுகிறோம்" என்று கிளம்பினார்கள். அம்மா வாசலில் நின்று கொண்டு, "தம்பி, உங்க அம்மா போன் பண்ணி எம்புள்ள எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார்கள். நால்வரும் உள்ளே போய் விட்டார்கள்.

காற்று வீசத் தொடங்கிய பின் எல்லோரும் கீழ்த் தளத்தில், நடு அறையில், ஜன்னலை விட்டு விலகி இருக்க வேண்டும். மின் இணைப்பின் முதன்மைச் சுவிட்சை அணைத்து விட வேண்டும். திடீரென்று காற்று நின்று அமைதி நிலவினால் வெளியே ஓடக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று முழு வேகத்துடன் திரும்பும்.

நாங்கள் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2024ஆம் ஆண்டில் நாங்கள் தவறினோம். அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமையாகாது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் கடைசி வாரம், புயலாகும் என்று எதிர்பார்த்த மண்டலம் கடலில் நின்று நின்று நகர்ந்தது. 29ஆம் தேதி பிற்பகலில்தான் ஃபெஞ்சல் என்ற பெயர் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. எங்கள் விடுதியில் 11 பேர் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் எழுதி, உணவு சமைத்து, நாற்புறமும் பலகை அடித்து விட்டோம். மெத்தைகளைக் கூட மேல் மாடியில் அடுக்கியிருந்தோம். காற்று தானே அளவுக்கு வரவில்லை. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அப்பாவுக்குப் பெருமை.

ஆனால் புயல் கரை ஏறிய பின்னும் அங்கேயே நின்று விட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பின்னர் மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் பெய்தது. அங்கே பெய்த மழைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தென்பெண்ணையாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக வந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில்தான் கடலில் கலக்கிறது. அவர்கள் மேல் பெய்யும் மழை நம் வாசலுக்கு வந்தே தீரும்.

டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். பெருக்கினால் விநாடிக்கு 47 இலட்சம் லிட்டர்! கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வந்தது. நாங்களோ புயல் முடிந்தது என்று செய்தி கேட்பதையே நிறுத்தி விட்டோம். அன்று எங்கள் தெருவில் மழை ஓய்ந்திருந்தது. அறைகளை மறுநாளே வாடகைக்கு விட வேண்டும் என்று மெத்தைகளைக் கீழே இறக்கி விரித்தோம். பதிவேடும் மேசைக்கு வந்து விட்டது. இரவில் ஆற்று நீர் வாசற்படி ஏறியது. விழித்தபோது கீழ் அறைகளில் முழங்கால் ஆழம். ஆறு மெத்தைகளும் பதிவேடும் சேற்றில் கிடந்தன.

அதுவும் பெரிதன்று. எங்கள் காவல்காரத் தாத்தா புயல் இரவு முழுவதும் எங்கள் வாசலில் அமர்ந்து விடுதியைக் காத்தார். வெள்ளம் வந்த இரவும் எங்களோடு நின்று சாமான்களை மேலே ஏற்றினார். விடிந்த பிறகே ஆற்றங்கரையில் உள்ள தம் கூரை வீட்டுக்கு ஓடினார். வீட்டுக்குள் கூரை வரை நீர். அவர் மனைவியை அக்கம்பக்கத்தார் முன்னிரவிலேயே அழைத்துச் சென்று ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் பாட்டி பிழைத்தார். அடுப்பு முதல் ரேஷன் கார்டு வரை எல்லாம் போயிற்று.

அன்று மாலை அம்மா நாங்கள் எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். 11 விருந்தினர் பெயர்கள் இருந்தன. தாத்தாவின் பெயர் இல்லை. சமைக்கும் அக்காவின் பெயரும் இல்லை. தாத்தா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. "உங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவலியே, அது போதும் பாப்பா" என்றார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

இப்போது எங்கள் பட்டியல் வேறு விதமாகத் தொடங்குகிறது. முதல் வரியில் வேலை செய்வோர், அவர்கள் குடும்பம், அவர்கள் வீடு எங்கே உள்ளது என்பவை. முதல் அறிவிப்பு வந்ததுமே அவர்களுக்கு மேல் மாடியில் ஓர் அறை ஒதுக்கப்படுகிறது. அதன் பிறகே விருந்தினர். காற்று நின்ற பின்னும் 3 நாள் வரை ஆற்றுச் செய்தியும் அணைச் செய்தியும் கேட்கிறோம். அதுவரை கீழே எதையும் இறக்குவதில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும், மாநிலத்தின் 1070 என்ற எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

தோழியரே, தானே காற்றால் அடித்தது, ஃபெஞ்சல் நீரால் அடித்தது. சென்ற புயலுக்கு ஏற்ற கவசத்தை அணிந்து கொண்டு வரும் புயலுக்குக் காத்திருந்தோம். அடுத்தது எவ்வாறு வரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே கயிறும் பலகையும் வேண்டும், மேட்டில் ஓர் அறையும் வேண்டும், காதில் வானொலியும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, நம் கூரையின் கீழ் உழைப்பவர் யாவர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு பட்டியல் எழுதுங்கள். எழுதி முடித்ததும், விட்டுப் போன பெயர் யாருடையது என்று அம்மாவிடம் கேளுங்கள்.